மூக்கைப் பிடித்துப் பேசும் ஒடெல்

மூக்கைப் பிடித்துக்கொண்டு போனில் பெண்குரலில் பேசுகிறார் ஒடெல் பெட்டிஃபோர்ட். காருக்குள் மதிய இடைவேளை. மடியில் பாதி தின்ற மீன் சாண்ட்விச். "வணக்கம், பேங்க்லேருந்து பேசறோம். மிஸ்டர் டாலிவர் இருக்காருங்களா?" மறுமுனையில் "ஆ, யாரு?" என்றால் போச்சு. பட்டென்று வைத்துவிட்டு மறுபடி அடிப்பார். முழுப்பெயர் சொல்லி வணக்கம் வைக்கும்வரை விடமாட்டார்.

நகரத் தண்ணீர் அலுவலகத்தில், போனில் திட்டுகிறவர்களுக்குப் பணிவாகப் பதில் சொல்வது அவர் பிழைப்பு. வயது முப்பத்தெட்டு. அமெரிக்காவின் டர்ஹம் நகரில், எங்கள் கறுப்பினக் கல்லூரிச் சகோதரர் சங்கத்துப் பையன்களை இப்படிப் பொய் அழைப்பு விட்டு வேலைக்குத் தயார்செய்வதும் அவர்தான். எதற்கு இத்தனை கெடுபிடி என்று ஒருநாள் கேட்டேன்.

"வெள்ளைக்காரப் பையன் உளறினா, தூக்கக் கலக்கம்னு திரும்பக் கூப்பிடுவாங்க. நம்ம பையனை ரெண்டாவது தடவை யாருப்பா கூப்பிடறான்?"

போன ஏப்ரலில் ஜார்விஸ் டாலிவருக்கு நிஜமாகவே வங்கியிலிருந்து அழைப்பு வந்தது. கணக்கியல் படிக்கிறவன், கோடை விடுமுறைப் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தான்.

"அண்ணே, பொம்பளைக் குரல் இன்னைக்குச் சுமார்தான். மூக்கை விடுங்க, வீங்கிடப் போகுது" என்றான்.

"என் பேரு ரோவீனா ஸ்டிட். என் குரலே இதுதான்" என்றது போன். வைத்துவிட்டார்கள்.

சனிக்கிழமைச் சங்கக் கூட்டத்தில் அவன் இதைச் சொன்னபோது பையன்கள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். ஜார்விஸுக்குக் கண் கலங்கியிருந்தது. ஒடெல் மட்டும் சிரிக்கவில்லை. "தப்பு என்னோடது. திங்கக்கிழமை நேர்ல போறோம். ஆனா நீதான் பேசணும், நான் வாயத் திறக்க மாட்டேன்."

லீவு போட்டார். நான் கார் ஓட்டினேன். ஒன்றரை மணி நேரம் காத்திருந்தபின் ரோவீனா அம்மாள் வெளியே வந்தார். ஜார்விஸ் எழுந்து பெயரைச் சொன்னான். செய்த தவற்றைச் சொல்லி மன்னிப்புக் கேட்டான். சாக்கு எதுவும் சொல்லவில்லை. அம்மாளின் பார்வை அவனைத் தாண்டி ஒடெலிடம் போயிற்று.

"மூக்கு இவரோடதா?"

ஒடெல் எழுந்து நின்றார். "ஆமாங்க மேடம்."

"என்னை மாதிரியே பேசுவீங்களா?"

"இல்லீங்க. சுமார்தான்."

அந்த அம்மாள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஜார்விஸை உள்ளே வரச் சொன்னார்.

அரை மணி நேரம். நான் உட்காரச் சொன்னது ஒடெலின் காதில் விழவே இல்லை. கதவு திறந்தது.

"ஜூன் மாசம் வரச் சொல்லிட்டாங்கண்ணே!"

ஜார்விஸின் ஷூ நாடா ஒன்று அவிழ்ந்து கிடந்தது. அத்தனை பேர் பார்க்க ஒடெல் ஒரு முழங்காலை ஊன்றி, அதை இறுக்கிக் கட்டிவிட்டார்.