குரலோடு சேர்த்துக் கட்டியது

என் கணவருக்குத் தொண்டையில் ஆபரேஷன். அதற்குப் பிறகு பேச்சு வராது என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். அவரோ மரக்காணம் உப்பளத்தில் சூப்பர்வைசர். லாரியைக் கூப்பிடுவது, ஆட்களை அதட்டுவது என்று நாள் முழுக்கக் கத்துவதுதான் வேலை. "பேச்சு இல்லாம இந்த வேல எப்டிம்மா?" என்று முதலாளி என்னிடமே கேட்டார்.

நான் சாப்ட்வேர் வேலை பார்ப்பவள். பட்டனுக்கு ஒரு வசனம் என்று சின்னதாக ஒரு டெஸ்க்டாப் புரோகிராம் எழுதினேன். ஆபரேஷனுக்கு முன் வசனங்களை அவரே பேசிப் பதிவு செய்து கொடுத்தார். "லாரிய பின்னால எடு", "மூட்டைய நனைக்காத". கடைசியில் சலித்துப்போய், "இன்னா, போதுமா? இன்னும் பேசணுமா?" என்றார். அதையும் கடைசிப் பட்டனாக வைத்துவிட்டேன்.

அவர் வேலைக்குத் திரும்பிய அன்று, உப்பள ஆபீஸ் கம்ப்யூட்டரில் அதைப் போட்டோம். வாசலில் பெரிய ஸ்பீக்கர் வைத்தாயிற்று. ஆட்களெல்லாம் கூடி நின்றார்கள். திறந்தால், ஏதோ லைப்ரரி இல்லை என்று ஒரு வரி வந்து நின்றது. லைப்ரரி என்பது ஒலியை ஓட்டும் துணைக் கோப்பு; அது என் லேப்டாப்பில் எப்போதோ ஏறியிருந்தது. எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். அங்கே இன்டர்நெட்டும் கிடையாது. என் கணவர் என்னையே பார்த்தார்.

"நாளைக்கு ஒரு நாள் பாக்கலாம்" என்றார் முதலாளி.

உப்பளத்துக்குப் போகிறவர்கள் குடிதண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டுபோவார்கள். சுற்றிலும் தண்ணீர்தான், குடிக்க ஒரு சொட்டு கிடையாது. இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த எனக்கு அது தெரியாதா என்ன? வீட்டுக்குப் போய் அந்த லைப்ரரியைப் புரோகிராமோடு ஒரே பேக்கேஜில் சேர்த்தேன். அது தனக்கு இன்னொரு லைப்ரரி வேண்டும் என்றது. அந்த இன்னொன்று வேறொன்றைக் கேட்டது. எல்லாவற்றையும் உள்ளே வைத்து, வெளியே தேடாமல் கையில் இருப்பதையே எடுத்துக்கொள் என்று புரோகிராமுக்குச் சொல்லி வைத்தேன். என்னோடு வேலை பார்த்தவர்கள், "இத்தனூண்டு புரோகிராமுக்கு இவ்ளோ பெரிய பேக்கேஜா?" என்று கிண்டலடித்தார்கள். அடிக்கட்டும்.

மறுநாள் அவர் பட்டனை அழுத்தினார். லாரி பின்னால் வந்தது. முதலாளி தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வருஷங்கள் ஓடி, இப்போது ஆபீஸில் கம்ப்யூட்டரே மாறிவிட்டது. அந்தப் பழைய லைப்ரரிகளை யாரும் வைத்திருப்பதில்லை. பேக்கேஜ் மட்டும் அப்படியே ஓடுகிறது. அவருக்குத் தலை முழுக்க நரை, குரல் மட்டும் அதே வயதில் இருக்கிறது.

வீட்டுக் கம்ப்யூட்டரிலும் ஒன்று போட்டிருக்கிறேன். நான் எதற்காவது திட்ட ஆரம்பித்தால், மெல்ல அதன் பக்கம் நகர்ந்து கடைசிப் பட்டனை அழுத்துவார்.

"இன்னா, போதுமா? இன்னும் பேசணுமா?"

போதவில்லை என்பேன். அவர் மறுபடியும் அழுத்துவார்.