பொருள், வாக்கியம், பெற்றோர் கையொப்பம்

பனியன் கம்பெனி ஒன்றில் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் மெயில் அனுப்புவதுதான் என் பிழைப்பு. சரக்கு தாமதமானதற்கு வருத்தம் தெரிவித்து, சாயம் மாறிப்போனதற்கு வருத்தம் தெரிவித்து, வருத்தம் தெரிவித்தே பொழுது போய்விடும். எந்த வார்த்தையையும் யோசிக்காமல் தட்டிவிடுகிற கை இது. ஒரே ஒரு வார்த்தையை மட்டும் இதுவரை தட்டியதில்லை. டெபிலிட்டேட். பலவீனமாக்குவது, உடம்பின் தெம்பை எடுத்துவிடுவது என்று பொருள். அதை நான் கற்றுக்கொண்டது ஐந்தாம் வகுப்பில், அம்மா ஒளித்து வைத்திருந்த டானிக் பாட்டிலிலிருந்து.

அப்பா இறந்த பிறகு அம்மா கோயம்புத்தூருக்கு வெளியே ஒரு ஸ்பின்னிங் மில்லில் சேர்ந்திருந்தாள். மெஷின் நெடுக நடந்துகொண்டே, அறுந்த நூலை ஒட்டுகிற வேலை. ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் அரை நைட், ஒரு வாரம் முழு நைட். எந்த வாரமாக இருந்தாலும் வீட்டுக்கு வந்ததும் முதலில் சுவரில் சாய்ந்து உட்காருவாள். தலைமுடியில் ஒட்டியிருக்கும் பஞ்சைத் தட்டக்கூடக் கை எழாது.

மூன்று வருஷமாக அவள் தற்காலிகம். ஆயுத பூஜை கழிந்ததும் சில பேரை பெர்மனண்ட் ஆக்கப்போவதாகவும், அதில் அம்மா பெயரும் இருப்பதாகவும் பேச்சு இருந்தது. அது நடந்தால்தான் நான் இங்கிலீஷ் மீடியத்தில் தொடர்ந்து படிக்க முடியும். அந்த நேரம் பார்த்து அம்மாவுக்குத் தலைசுற்றல் வந்தது. ரத்தம் கம்மி என்றார்கள். மருந்துக்கடையில் வேலை பார்த்த மாமா டானிக் கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் லைன் வீடுகள் முழுக்க மில்காரர்கள்தான், கதவைத் தட்டாமலே உள்ளே வருகிறவர்கள். அதனால் பாட்டில் அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்தது. ஏன் அங்கே இருக்கிறது என்று அம்மா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எங்கள் பள்ளியில் தினமும் காலை பிரேயரில் ஒரு பிள்ளை புது ஆங்கில வார்த்தை ஒன்றைச் சொல்ல வேண்டும். வார்த்தை, அதன் பொருள், அதை வைத்து ஒரு வாக்கியம். மற்ற பிள்ளைகள் மூன்றையும் நோட்டில் எழுதி, வீட்டில் கையெழுத்து வாங்கிவர வேண்டும். பெற்றோருக்கும் இங்கிலீஷ் வரட்டும் என்கிற நல்லெண்ணம். நல்லெண்ணத்துக்கு அந்தப் பள்ளியில் குறைவே இல்லை.

என் முறை வந்தது. எல்லாரும் பியூட்டிஃபுல், ஹானஸ்டி என்று முடித்திருந்தார்கள். எனக்கு யாரும் சொல்லாத வார்த்தை வேண்டும். டானிக் பாட்டில் லேபிளில் டெபிலிட்டி என்று இருந்தது. டிக்‌ஷனரியைப் புரட்டினேன், அதற்குப் பக்கத்திலேயே டெபிலிட்டேட். பொருள் கிடைத்துவிட்டது. வாக்கியத்துக்கு எங்கேயும் போகவேண்டியிருக்கவில்லை. எதிரே அம்மா சுவரில் சாய்ந்திருந்தாள். தி மில் வொர்க் டெபிலிட்டேட்ஸ் மை மதர்.

அம்மாவிடம் சொல்லிக் காட்டினேன். அவளுக்கு இங்கிலீஷில் தெரிந்தது தன் பெயரின் எழுத்துகள் மட்டும்தான். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள்.

"இன்னொருக்காச் சொல்லு கண்ணு. நாலு பேர்த்துக்குக் கேக்கோணும்."

சொன்னேன். பத்துத் தடவையாவது சொல்ல வைத்திருப்பாள். எனக்கே சலித்துப்போகிற அளவுக்கு.

"மதர்னா நானு. மில்லுன்னா நம்ம மில்லு. நடுவால ஒண்ணு வருதே, அதுக்கென்ன கண்ணு அர்த்தம்?"

நான் நோட்டைப் புரட்டி நிமிர்வதற்குள் தூங்கிவிட்டாள். எழுப்பிக் கையெழுத்து வாங்கினேன். நான் சொல்லிக்கொடுத்தபடி, தன் பெயரை இங்கிலீஷில், எழுத்தெழுத்தாகப் போட்டாள்.

பிரேயரில் கை தட்டினார்கள். வகுப்பில் நாற்பது பிள்ளைகள் என் வாக்கியத்தை எழுதிக்கொண்டார்கள். அதில் ஒருத்தி அம்மா வேலை பார்த்த மில்லில் அவளுக்கு மேலதிகாரியான ஸ்பின்னிங் மாஸ்டரின் மகள். அழகான கையெழுத்து அவளுக்கு. என் பெயரையும் மறக்காமல் எழுதினாள்.

அடுத்த திங்கட்கிழமை உள்ளூர்க் கோயில் நோன்பென்று பள்ளி விடுமுறை. காலை ஷிப்டுக்குப் போன அம்மா பத்து மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டாள். டிபன் பாக்ஸ் திறக்கவே இல்லை. மத்தியானம் மாமா வந்தார். வாசலில் நின்று அவரிடம் அம்மா தணிந்த குரலில் பேசியது உள்ளே எனக்குக் கேட்டது.

"மாஸ்டர் அவரு புள்ள நோட்டுல கையெழுத்துப் போடறப்பப் படிச்சுப்போட்டாராட்ட இருக்குதுடா. 'ஏனுங்க அம்மணி, உடம்பு முடியாம மெஷின்ல நிக்கிறது உங்களுக்கும் ஆபத்து, எங்களுக்கும் ஆபத்துங்க. ஊட்டுல இருந்து தேறுனதுக்கப்புறம் வாங்க'ன்னு மரியாதையாத்தான் சொன்னாரு. 'உங்க புள்ள இங்கிலீஷ் நல்லா எழுதுதுங்க'ன்னாரு."

"நம்ம புள்ளகிட்டக் கேட்டியாக்கா?"

"உட்றா. அது என்னத்தக் கண்டுது."

இத்தனையில் என் மனதில் நின்றது கடைசியில் சொன்னது மட்டும்தான். மாஸ்டரே என் இங்கிலீஷைப் பாராட்டியிருக்கிறார்.

ஆயுத பூஜைக்குப் பிறகு வந்த பட்டியலில் அம்மா பெயர் இல்லை. தேறி வந்தபோது அவள் இடத்தில் வேறொருத்தி நின்றிருந்தாள். அடுத்த ஜூனில் நான் அரசுப் பள்ளிக்கு மாறினேன், அம்மா பனியன் கம்பெனியில் உட்கார்ந்து பிசிறு வெட்டப் போனாள். அதெல்லாம் பிறகு. அந்தத் திங்கட்கிழமை மாமா போனதும் அம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"அன்னிக்கு ஒரு வார்த்தை படிச்சியே கண்ணு. அதுக்கென்ன அர்த்தம்?"

டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி நிமிர்ந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, முதலில் பொருள் சொன்னேன். பிறகு வாக்கியத்தைத் தமிழில் சொன்னேன். மில் வேலை என் அம்மாவின் தெம்பை எடுத்துவிடுகிறது.

அம்மா எழுந்து போய் அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து டானிக் பாட்டிலை எடுத்து, ஜன்னலில், எல்லாருக்கும் தெரிகிறமாதிரி வைத்தாள்.

"செரியாத்தான் எழுதியிருக்கற. ஆரு கேட்டாலும் இப்படியே கூச்சப்படாமச் சொல்லோணும்."

இனி ஒளிக்க எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியவில்லை. என் மேல் கோபப்பட அவளுக்கு எத்தனை நியாயம் இருந்தது என்பதும் தெரியவில்லை. ஒரு பகல் நேரத்தில் அம்மா வீட்டில் இருக்கிறாள், அதுவும் தூங்காமல் என்னோடு பேசிக்கொண்டிருக்கிறாள் என்பது மட்டும்தான் தெரிந்தது. நாளைக்கும் இருப்பாயா என்று கேட்டேன். இருப்பேன் என்றாள். நான் கை தட்டினேன்.