குச்சு இருக்கும்வரைக்கும்

போன மாதம் என் தங்கை மகன் கொழும்பிலிருந்து குடும்பத்தோடு நுவரெலியாவுக்கு வந்திருந்தான். அவர்கள் குடியிருக்கும் மாடி வீட்டில் குளியலறைக்குப் புதுத் தரை போடுகிறார்களாம். தூசி தாங்காமல் இரண்டு வாரத்துக்கு ஹோட்டலில் அறை எடுத்துவிட்டார்கள். "பெரியம்மா, நீங்களும் வந்து ரெண்டு நாள் இருங்க" என்று கூப்பிட்டான். ஹட்டனில் பஸ் ஏறிப் போனேன். அறைக்குள் நான் கால் வைத்ததுமே அவன் மனைவி சிரித்துக்கொண்டு சொன்னாள், "பாருங்க பெரியம்மா, நாங்க இப்ப ஹோம்லெஸ். வீடு வாசல் இல்லாதவங்க."

நானும் சிரித்து வைத்தேன். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் பேச்சைத் திருத்தித் திருத்தியே வாய் ஓய்ந்துவிட்டது. இந்த வயதில் போகிற இடத்திலெல்லாம் திருத்திக்கொண்டிருந்தால் மறுதடவை யாரும் கூப்பிடவும் மாட்டார்கள். அதோடு, பொய் சொல்லக் கூடாது, அங்கே காலைச் சாப்பாடு நன்றாக இருந்தது. தாளில் சுற்றிய வெண்ணெய்க் கட்டிகளில் இரண்டை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் உருகிப்போய் மூக்குக்கண்ணாடி, பஸ் டிக்கட், மாத்திரை எல்லாவற்றிலும் அப்பியிருந்தது. ஆசைக்கு அளவு வேண்டாமா.

அன்று பின்னேரம் நல்ல மழை. கண்ணாடிக்கு வெளியே மரங்கள் ஆடுவது தெரிகிறது, உள்ளே ஒரு சத்தமும் இல்லை. சத்தமில்லாத மழை எனக்கு இன்னும் பழகவில்லை. நான் தகரத்துக்குக் கீழே வளர்ந்தவள். தகரத்தில் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவளிடம் உப்புக் கேட்கவும் கத்தித்தான் கேட்க வேண்டும். தோட்டத்து ஆட்கள் ஏன் இப்படி உரத்துப் பேசுகிறார்கள் என்று டவுனில் கேலி செய்வார்கள். அதற்குக் காரணம் இந்த மழைதான் என்பார் எங்கள் அப்பா. இப்போதும் நான் டெலிபோனில் பேசினால் தங்கை மகன் காதை விட்டுத் தள்ளிப் பிடித்துக்கொள்கிறான்.

எங்கள் தோட்டம் லிந்துலைப் பக்கம். லயம் என்றால் நீளமான ஒரே கட்டடம். ஒரே தகரக் கூரை. அதற்குக் கீழே வரிசையாகக் காம்பராக்கள், ஒரு குடும்பத்துக்கு ஒன்று. நான் தங்கியிருந்த ஹோட்டலின் குளியலறை எங்கள் காம்பராவைவிடப் பெரிது என்று சொன்னால் நம்புவீர்களா. காம்பராக்களுக்கு இடையே இருந்த சுவர் கூரையைத் தொடாது. மேலே ஓர் ஆள் கை நீட்டுகிற அளவுக்கு வெளி இருக்கும். அவர்கள் மிளகாய் வறுத்தால் நாங்கள் இருமுவோம். எங்கள் வீட்டுச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று அவர்கள் வீட்டிலிருந்து தீர்ப்பு வரும்.

பக்கத்துக் காம்பராவில் மருதை மாமா இருந்தார். சொந்த மாமா இல்லை, முறைக்குக் கூப்பிடுவது. அவர் மனைவி பொன்னம்மா, எங்களுக்குப் பொன்னத்தை. மகள் ராக்கு, கடைசியில் ஒரு சின்னப் பையன். ராக்குவுக்கும் எனக்கும் ஒரே வயது. சுவருக்கு மேலாக நாங்கள் எறிந்து விளையாடாத பொருள் இல்லை. ஒரு தடவை அம்மாவின் கருவாட்டுச் சட்டிக்குள் ராக்குவின் செருப்பு வந்து விழுந்தது. அன்றைக்கு இரண்டு வீட்டிலும் இரண்டு பேருக்கும் சாத்துப்படி.

மருதை மாமா கவ்வாத்து வேலைக்காரர். தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டி ஒழுங்காக்குவதைத்தான் கவ்வாத்து என்போம். ஒரு நாள் மலையில், ஆட்களை மேய்த்து வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளை யாரையோ தாயைச் சொல்லித் திட்டினாராம். மருதை மாமா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "மனுசன்கிட்டப் பேசுற மாதிரிப் பேசுங்கய்யா" என்றிருக்கிறார். வேறொன்றும் சொல்லவில்லை. மறுநாள் பெரட்டில், அதுதான் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற இடம், அவர் பேரைக் கூப்பிடவில்லை. பேர் வெட்டு. புருசன் பேரை வெட்டினால் பெண்சாதி பேரும் சேர்ந்து போகும். பேர் போனால் காம்பராவும் போகும்.

அவர்கள் எங்கே போவார்கள்? வேறு தோட்டத்தில் பேர் பதிந்தால்தான் வேறு காம்பரா. அதனால் போகாமல் இருந்தார்கள். தோட்டத்தை நடத்துகிற துரைக்கு அதற்கும் வழி தெரியும். ஒரு காலையில் ஸ்டோர், அதுதான் தேயிலை ஆலை, அந்தப் பக்கமிருந்து நாலு பேர் ஏணியோடு வந்து, அந்த ஒரு காம்பராவுக்கு மேலே இருந்த தகரத்தை மட்டும் கழற்றினார்கள். கழற்றியவர்களும் நம் ஆட்கள்தான், தலை நிமிராமல் கழற்றினார்கள். நீளக் கூரையில் ஒரு பல் விழுந்த மாதிரி இருந்தது. யாராவது அவர்களை உள்ளே ஏற்றினால் ஏற்றியவர்கள் பேரும் வெட்டு என்று கணக்கப்பிள்ளை லயம் முழுக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

மேடையில் பேச வருகிறவர்கள் எங்களை வீடற்ற மக்கள் என்பார்கள். கந்தோருக்கு, அதுதான் அரசாங்க ஆபீசுக்குப் போனால், தோட்டத்து ஆட்களுக்கு என்ன குறை, வீடு சும்மாதானே கிடைக்குது என்பார்கள். இரண்டையும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிற்று. தலைக்கு மேலே தகரம் இருந்த காலத்திலும் அது மருதை மாமாவின் வீடு இல்லை. அது அவருக்குத் தெரிய ஒரு வாக்கியம் பேச வேண்டியிருந்தது. மற்றவர்கள் நாங்கள் பேசாமல் இருந்தோம், அதனால் எங்களுக்கு வீடு இருந்தது. இதற்கு என்ன வார்த்தை வைப்பது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

கொழுந்து பறிக்கும்போது பெண்கள் இடுப்பில் கட்டுகிற தடித்த படங்குத் துணியை ஒரு மூலையில் இழுத்துக் கட்டி, அதன் கீழே நாலு பேரும் குந்தியிருந்தார்கள். மழை விடவில்லை. எங்கள் சுவரும் ஊறி வழிந்தது. அந்த நேரத்தில்தான் ராக்கு பெரிய மனுசியானாள். என் அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "நேரங்கெட்ட நேரத்துல இந்தப் புள்ளைக்கு ஏன்டியம்மா வரணும்?" என்று அழுதார். பொன்னத்தை அழவில்லை. மஸ்கெலியாத் தோட்டத்தில் இருந்த தன் தம்பிக்கு ஆள் அனுப்பினார். "தாய்மாமன் வந்து குச்சுக் கட்டணும். எம்புள்ளைக்கு முறை செய்யாம நான் எங்கிட்டும் நகர மாட்டேன்" என்றார்.

குச்சு என்பது வயதுக்கு வந்த பெண்ணை ஒதுக்கி உட்காரவைக்கிற குடிசை. தாய்மாமன்தான் கட்ட வேண்டும். மற்ற வீடுகளில் சும்மா நாலு பச்சைக் கொப்பை மூலையில் சாத்தி, குச்சு என்று பேர் பண்ணிவிடுவார்கள். ராக்குவின் மாமன் வேறு மாதிரி ஆள். வந்து கூரையில்லாத காம்பராவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். காட்டுக்குப் போய்க் கம்பு வெட்டி, மானாப்புல்லைக் கட்டுக் கட்டாகச் சுமந்து வந்து, சுவருக்குச் சுவர் ஒரு கூரையே வேய்ந்துவிட்டார். வாசலில் மட்டும் சாத்திரத்துக்கு வேப்பங்கொப்பும் ஓர் உலக்கையும். அப்படி ஒரு கனத்த குச்சை எங்கள் தோட்டம் அதற்கு முன் பார்த்ததில்லை.

கணக்கப்பிள்ளை சத்தம் போட்டுக்கொண்டே வந்தார். வேப்பங்கொப்பைப் பார்த்ததும் நின்றார். அவர் காலையில் பட்டை போடாமல் பச்சைத் தண்ணி குடிக்காத மனுசர். திரும்பாமல் பின்பக்கமாகவே நடந்து போய் வேட்டியை உதறினார். துரையிடம் போய், "தீட்டுங்க தொரை" என்றாராம். "எத்தினி நாள்?" என்று கேட்டாராம் துரை. "பதினாறு நாளுங்க." சரி என்று தலையாட்டிவிட்டாராம். அப்பா பெரட்டில் கேட்டு வந்து சொன்னார். கைக்குழந்தை மாதிரி ஒரு பையன் உள்ளே இருக்க மழையில் கூரையைக் கழற்றச் சொன்ன மனுசருக்கு எங்கள் சடங்கு என்றால் மட்டும் பயம் இருந்தது. எங்கள் பசி, எங்கள் குளிர் எதற்கும் இல்லாத மரியாதை அதற்குக் கிடைத்தது.

ராக்கு ஒருத்தி இருக்க வேண்டிய குச்சுக்குள் நாலு பேரும் இருந்தார்கள். ஆண்பிள்ளை முகம் பார்க்கக் கூடாது என்ற முறையெல்லாம் அந்தப் புல்லுக்கூரைக்கு முன்னால் நிற்கவில்லை. லயத்துப் பெண்கள் முறை வைத்து உளுந்தங்களியும் முட்டையும் நல்லெண்ணெயும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். எனக்கு ஒரே பொறாமை. எனக்கும் சீக்கிரம் ஆகாதா என்று சாமியிடம் வேண்டினேன், அந்த முட்டைக்காக. அம்மாவிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மருதை மாமா விடியக் கிளம்பித் தோட்டம் தோட்டமாக நடந்தார். நோட்டன் பிரிட்ஜ் வரைக்கும் போய்ப் பார்த்தார். வாயாடி என்ற பேச்சு அவருக்கு முன்னால் போயிருந்தது. எவரும் பேர் பதியவில்லை. பதினாறு நாள் முடிந்தது. குச்சு மட்டும் பிரியவில்லை. தலைக்குத் தண்ணி ஊற்ற நாள் சரியில்லை என்றார் பொன்னத்தை. பிறகு அமாவாசை வந்தது. பிறகு தாய்மாமன் சீர் கொண்டுவரவில்லை என்றார். கணக்கப்பிள்ளை கேட்கும்போதெல்லாம் லயத்துப் பெண்கள் ஒரே குரலாக, "ஆமாங்கய்யா, நாள் கூடி வரலைங்க" என்பார்கள். இவ்வளவு நாள் குச்சில் இருந்த பெண் ராக்குதான். குச்சு இருந்தால் கூரை இருக்கும், ராக்கு உள்ளே இருந்தால் குச்சு இருக்கும்.

களியும் முட்டையும் நின்று ரொட்டியாகிவிட்டது. ராக்குவுக்குக் கால் மரத்துப்போயிற்று, வெளிச்சம் படாமல் முகம் வெளுத்துவிட்டது. "என்னைய எப்பம்மா வெளிய விடுவ?" என்று அவள் கேட்பது எங்கள் பக்கம் கேட்கும். பொன்னத்தை ஒரு தடவைதான் அதற்குப் பதில் சொன்னார்.

"நீ வெளிய வந்தா நாம எல்லாரும் வெளியதான்டி, ஆத்தா."

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

கடைசியில் கணக்கப்பிள்ளைக்குப் பொறுமை போயிற்று. அந்தக் குச்சுக்குச் சோறு கொடுக்கிறவர்கள் பேரையும் வெட்டச் சொல்லித் துரை உத்தரவு என்று பெரட்டில் சொன்னார். அன்றைக்கு வேலை முடிந்து வந்ததும் அப்பா அம்மாவோடு சண்டை பிடித்தார். எங்கள் வீட்டில் நாங்கள் அஞ்சு பிள்ளைகள். "இனிமே ரொட்டி குடுக்காத. நம்ம பேரும் போனா நம்மளுக்கு யாரு குச்சுக் கட்டுவா?" என்றார். அம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அப்பா கெட்டவர் இல்லை. பயந்தவர். பயந்தபோதும் அவரால் மெதுவாகப் பேச முடியவில்லை, சுவருக்கு மேலே வெளி இருப்பது அவருக்கு மறந்துபோயிற்று.

மறுநாள் காலை வெளிச்சம் வந்ததும் ராக்கு எங்கள் வாசலில் நின்றாள். அத்தனை நாளுக்குப் பிறகு அவளை அப்போதுதான் நிற்கப் பார்த்தேன், என்னைவிட வளர்ந்திருந்தாள். "அத்தே, இனிமே எங்களுக்கு ரொட்டி சுடாதீங்க. நாங்க போறோம்" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அம்மா தாங்கியிருப்பார்.

தண்ணி விழுகிற பீலிக்கு அவளாகவே நடந்து போனாள். மாமன் இல்லை, சீர் இல்லை, பந்தல் இல்லை. அம்மா அடுக்களையிலிருந்து மஞ்சளை எடுத்துக்கொண்டு ஓடி, குடத்தில் கரைத்து அவள் தலையில் ஊற்றினார். நாலைந்து பெண்கள் வந்து நின்றார்கள். யாரோ குலவை போட ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

குச்சை எரித்துவிட்டுத்தான் போக வேண்டும், இல்லாவிட்டால் பெண்ணுக்கு ஆகாது. மானாப்புல் ஊறிக் கிடந்தது, தீப் பிடிக்கவில்லை. மருதை மாமா தீக்குச்சி தீக்குச்சியாகக் கிழித்துப் பார்த்தார். அப்போது எங்கள் அப்பா விளக்கை எடுத்து வந்தார். திரியைக் கழற்றி, இருந்த மண்ணெண்ணெய் முழுக்கப் புல்லில் ஊற்றிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் பெரட்டுக்குப் போனார். அவர்கள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டுக்கு இறங்கியபோது புகை இன்னும் இருந்தது. பஸ்ஸில் ஏறினார்களா, நடந்தார்களா, எந்தப் பக்கம் திரும்பினார்கள் என்று பார்க்க நான் ஓடவில்லை. அம்மா என் கையைப் பிடித்திருந்தார்.

அன்று மாலையே தகரம் வந்தது. ஸ்டோரில் பத்திரமாக வைத்திருந்த அதே தகரம். இரண்டு நாளில் வேறொரு குடும்பம் குடிவந்தது. நல்ல சனங்கள். அந்தப் பெண் அடுப்புப் பற்றவைக்க எங்களிடம் நெருப்பு வாங்க வந்தாள்.

"முன்ன இங்க யாருக்கா இருந்தாங்க?"

"இருந்தாங்க. ஊருக்குப் போயிட்டாங்க" என்றார் அம்மா.

"எந்த ஊருக்குங்கக்கா?"

அம்மா நெருப்பை அள்ளுவதிலேயே கவனமாக இருந்தார். எங்கள் ஆட்கள் வாயில் ஊர் என்றால் அது கடலுக்கு அந்தப் பக்கம். மருதை மாமா அந்த ஊரைக் கண்ணால் கண்டதில்லை. அவர் பிறந்தது அந்தக் காம்பராவில்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சாவுக்குப் போனபோது அந்தப் பக்கம் நடந்து பார்த்தேன். லயத்தை இடித்துவிட்டார்கள். பீலி இருந்த இடத்தில் ஈரம்கூட இல்லை. குச்சுக் கட்டுகிறவர்களும் இப்போது இல்லை, எல்லாம் மண்டபத்தில் வீடியோ விளக்குக்கு முன்னால் நடக்கிறது. அப்பா, அம்மா, அந்தக் கணக்கப்பிள்ளை எல்லாரும் போய்விட்டார்கள். அந்த இடத்தில் மருதை, பொன்னம்மா, ராக்கு என்று ஒரு குடும்பம் இருந்தது என்று சொல்ல, நினைவு தெரிந்தவள் நான் ஒருத்திதான் மிச்சம். அந்தச் சின்னப் பையனின் பேர் என்னவென்று எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன், வரமாட்டேன் என்கிறது.