நின்றுபோன ஊசி

அந்த வாளியில் காசிமேட்டு ஐஸ் இருந்தது. மீன் வாடை அடிக்கிற, உடைத்த ஐஸ். எங்கள் மருந்துக் குப்பிகளை அதில் புதைத்துக்கொண்டே, "இன்னா மேடம், ஊசி மாட்டுக்கா, வஞ்சிரத்துக்கா?" என்று சிரித்தார் பால்காரர். கொருக்குப்பேட்டையில் ரயில் பாதையை ஒட்டிய கொட்டகையில் அவருக்கு ஆறு மாடுகள். கோமாரித் தடுப்பு மருந்தை ஒரு ஜெல்லில் கலந்து அவற்றுக்குப் போட்டுப் பார்க்கப் போயிருந்தோம். நான் அந்த ஆய்வில் உதவியாளர். குளிரில் தண்ணீராக இருக்கும் ஜெல், மாட்டின் உடம்புச் சூட்டில் இறுகி, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, கடைசியில் தானும் கரைந்துபோக வேண்டும். அன்றைய வெயிலில், தகரக் கூரைக்கடியில், அது சிரிஞ்சிலேயே இறுகிவிட்டது. நாங்கள் கொண்டுபோன ஐஸ் எப்போதோ உருகியிருந்தது. இன்னொரு நாள் வருகிறோம் என்று கிளம்பினோம். அவர் விடவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு ஓடினார்.

அந்த அவசரத்தின் காரணம் பிறகுதான் புரிந்தது. அரசுத் தடுப்பூசி முகாமில் போடும் எண்ணெய் கலந்த ஊசியால் கழுத்தில் கட்டி வருகிறது, சில நாள் பால் குறைகிறது என்று, முகாமன்று மாடுகளைக் கொடுங்கையூர்ப் பக்கம் ஓட்டிவிடுகிறவர்கள் அந்தத் தெருவில் பலர். எங்கள் ஊசிக்குக் கட்டியும் வரவில்லை, பாலும் குறையவில்லை. மாட்டின் கழுத்தைத் தடவித் தடவி, "இன்னாமே இது, போட்ட எடமே தெர்ல" என்று மனைவியிடம் வியந்துகொண்டிருந்தார்.

அடுத்த ஊசியோடு நாங்களே வருவோம் என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன். மறுபடி போட வேண்டிய காலம் வருவதற்குள் ஆய்வுக்கான நிதி நின்றுபோனது. இனி ஜெல் வராது, முகாம் ஊசியைப் போட்டுவிடுங்கள் என்று நானே போய்ச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "நல்லா கீற பொருள எவனாவது நிறுத்துவானா மேடம்?" என்றார். முகாமுக்கு வந்த மருத்துவரையும், நம்ம ஊசி வந்துகினு கீது என்று திருப்பி அனுப்பிவிட்டாராம்.

வந்தது கோமாரிதான். கேள்விப்பட்டு ஓடினேன். வாயில் நுரை ஒழுக, குளம்பைத் தரையில் ஊன்ற முடியாமல் மாடுகள் நின்றன. இரண்டு கன்றுகளைச் சாக்கால் மூடியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து வந்தார். பார்வை என் தோள்பைமேல் இருந்தது. "எட்னு வந்துட்டியா மேடம்?" பையில் என் சாப்பாட்டு டப்பாதான் இருந்தது. அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் இத்தனை வருடம் அது என்னைத் துரத்தியிருக்காது. அவர் அப்போதும் எங்களை நம்பிக்கொண்டுதான் இருந்தார்.

கால்நடை மருத்துவம் படிக்கிற என் மகள் போன வாரம் முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். இதே மாதிரி ஒரு ஜெல்லைத் திருவொற்றியூரில் மாடுகளுக்குப் போட்டுப் பார்க்கப் போகிறார்களாம். அவளும் போகிறாளாம். "அடுத்த ஊசி வரும்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதடி" என்றேன்.

அவள் சிரிப்பு நின்றது. "அப்ப யாரும்மா மாட்டக் குடுப்பாங்க?" என்று கேட்டாள்.