எருக்கம்பால் பட்ட கண்

காலில் முள் தைத்தால் எருக்கம்பால் வைப்பது எங்கள் ஐயம்பேட்டையில் வழக்கம். மறுநாள் முள் தானாக மேலே வந்துவிடும். எனக்கு எப்போதும் வைத்துவிடுவது என் மனைவிதான். அவள் இறந்த பிறகு, சென்ற கோடையில் கருவேல முள் குத்தியபோது, நானே எருக்கிலையைக் கிள்ளிப் பாலை வைத்துக்கொண்டேன். அதே கையால் வலது கண்ணில் வழிந்த வியர்வையையும் துடைத்துவிட்டேன்.

கொஞ்சம் எரிந்து அடங்கியது. மறுநாள் தறியில் உட்கார்ந்தால் பட்டு இழைகள் புகைமூட்டமாகத் தெரிந்தன. வலி இல்லாததால் வயசானதால் வந்த கோளாறு என்று நினைத்து, அந்தக் கண்ணை மூடிக்கொண்டே நெய்தேன். பேச ஆளில்லாத வீடு. வெளியே போகவும் மனம் வரவில்லை.

வீட்டில் காபித்தூள் தீர்ந்ததால்தான் டீக்கடைக்குப் போனேன். கிளாஸை நீட்டிய கடைக்காரர் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாண்ணே, கண்ணு இப்டி செவந்துகினு இருக்குது! வூட்ல யாரும் பாக்கலியா?"

"வூட்ல யாருப்பா இருக்காங்க?" என்றேன்.

அவர் கடையைத் தம் மனைவியிடம் விட்டுவிட்டு, குதிரை வண்டி பிடித்து என்னைக் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் விசாரித்து, எருக்கம்பால் பட்டதால் வந்தது என்று சொல்லிச் சொட்டு மருந்து கொடுத்து, "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா பார்வையே போயிருக்கும்பா" என்றார். பார்வை மெல்லத் திரும்பியது.

இப்போது எருக்கம்பாலைக் குச்சியால்தான் தொடுகிறேன். உடனே சோப்புப் போட்டுக் கை கழுவிவிடுகிறேன். டீ குடிக்கத் தோன்றாவிட்டாலும் தினமும் காலையில் அந்தக் கடைக்குப் போய்வருகிறேன். என் முகத்தை ஒருவராவது பார்க்கட்டும் என்றுதான்.