பிறப்பிடமாகவும், வதிவிடமாகவும்

அப்பா இறந்த மறுநாள் காலை, அவர் பிறந்த இடத்தை வானொலி மாற்றிவிட்டது.

வெக்ஸ்போர்ட்டில் எங்கள் அப்பார்ட்மென்ட் குசினியில் நானும் மனைவியும் மகளும் ரேடியோவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தோம். ரொறன்ரோவில் எங்கள் ஆட்களில் ஒருவர் செத்தால் டாக்டர் சொல்வது மட்டும் போதாது, தமிழ் வானொலியும் சொல்லவேண்டும். மரண அறிவித்தல் வாசித்து முடிந்தால்தான் அவர் முறையாகச் செத்தவர். அந்த அறிவித்தலுக்கு மாறாத ஒரு அச்சு உண்டு. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார். ஊர்தான் முதலில் வரும், ஆளின் பெயர் பிறகு. கேட்கிறவர்களும் அந்த ஒழுங்கில்தான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள்.

அறிவிப்பாளர் சோகத்தை நன்றாகப் பழகியிருந்த குரலில் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னார். அதோடு நிற்காமல், "கோவிலடியைப் பிறப்பிடமாகவும்" என்றார்.

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "கோவிலடியோ? மாமா எப்ப கோவிலடியில பிறந்தவர்?"

எங்கள் ஊரை ரயில் பாதை இரண்டாகப் பிரிக்கிறது. பாதைக்கு மேற்கே கோவில், கல்வீடுகள், பெரிய சாதி ஆட்கள். அந்தப் பக்கம் கோவிலடி. கிழக்கே எங்கள் குறிச்சி. அதற்கு ஒரு தனிப்பெயர் உண்டு. அதைச் சொன்னால் போதும், யாழ்ப்பாணத்து ஆள் எவருக்கும் எங்கள் சாதி விளங்கிவிடும், மேலே ஒன்றும் விசாரிக்கத் தேவையில்லை. அப்பாவின் இளவயதில் அந்தக் கோவிலுக்குள் எங்களை விடமாட்டார்கள். தேத்தண்ணிக் கடையிலும் எங்கள் ஆட்களுக்குப் போத்தலில்தான் ஊற்றிக் கொடுப்பார்கள், கிளாஸ் அவர்களுக்கு மட்டும். அப்பா ஒருநாள் கோவிலடிக் கடைக்குள் ஏறி, கிளாஸை எடுத்து, வாங்குப் பலகையில் உட்கார்ந்து, ஆறுதலாகக் குடித்தார். வெளியே வந்ததும் இடக்கையை முறித்துவிட்டார்கள். கோணலாகப் பொருந்திய அந்தக் கையைக் கடைசிவரை எங்கள் குறிச்சி ஆட்களுக்குக் காட்டிக் காட்டிக் கதை சொன்னவர் அவர். அந்த மனிதரைத்தான் இப்போது கோவிலடியில் பிறக்கவைத்திருந்தார்கள்.

வானொலிக்கு விபரம் கொடுத்தது அண்ணை.

அண்ணை என்றால் கூடப்பிறந்தவர் அல்ல. எனக்கு அப்படி ஒருவர் இருந்திருந்தாலும் இவ்வளவு செய்திருப்பாரா தெரியாது. எங்கள் ஊர்தான், கோவிலடிப் பக்கம். நான் அகதியாக வந்திறங்கியபோது என் அளவுக்குப் பெரிதான ஒரு ஜாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு எயார்போர்ட்டில் நின்றவர். தன் பேஸ்மென்ட்டில் இடம் தந்தார், முதல் வேலை எடுத்துத் தந்தார், என் கலியாண எழுத்துக்குச் சாட்சிக் கையெழுத்து வைத்தார். பிறகு அஜக்ஸில் வீடு வாங்கிப் போனார். போனாலும் சனி, ஞாயிறு என்றால் எங்கள் வீட்டில்தான் நிற்பார். என் மனைவி வைக்கும் நண்டுக்கறிக்காக 401 நெடுஞ்சாலை ட்ராஃபிக்கில் கிடந்து வருவார். ஒருமுறை எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் பழுதாகிப்போன நாளில், காய்ச்சலில் கிடந்த அப்பாவை முதுகில் தூக்கிக்கொண்டு படியிறங்கியவர் அவர்தான். நான் பின்னால் செருப்பைத் தூக்கிக்கொண்டு போனேன்.

எங்கள் குறிச்சி எது என்று அவருக்குத் தெரியும். ஒருநாளும் அதைப்பற்றி வாய் திறந்ததில்லை. கனடா வந்து அதையெல்லாம் கடலில் போட்டுவிட்டார், மனிதர் என்றால் இவர்தான் என்று நான் நினைத்திருந்தேன். வேலையிடத்தில் எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருப்பேன்.

ரெக்ஸ்டேலில் நான் வேலை செய்யும் வெயர்ஹவுஸில் ஒரு சீக்கியர் இருக்கிறார். பர்மிங்ஹாமில் பிறந்து வளர்ந்து, நடுவயதில் இங்கே வந்தவர். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தன் ரொட்டியில் பாதியை எனக்குப் பிய்த்துத் தருவார். எங்கள் மதத்தில் சாதியே கிடையாது, குருத்வாராவுக்குள் எவனாக இருந்தாலும் தரையில் ஒரே வரிசையில் இருந்துதான் சாப்பிடவேண்டும் என்பார். கேட்க எனக்குப் பொறாமையாக இருக்கும். ஒருநாள் அவருடைய அக்காவின் மகளுக்கு இங்கிலாந்தில் கலியாணம் என்றார். போகவில்லையா என்று கேட்டேன். டிக்கெட்டை ரத்துச் செய்துவிட்டாராம். பெடியன் டாக்டர், நல்ல குணம், தலைப்பாகைகூடக் கட்டுகிறான், ஆனால் "அவர்கள் வேறே ஆட்கள்" என்றார். அங்கே ஊர்களில் அவர்களுக்கு ஒரு குருத்வாரா, இவர்களுக்கு ஒரு குருத்வாராவாம். சொல்லிவிட்டு மற்றப் பாதி ரொட்டியையும் என் பக்கம் தள்ளினார். அன்றைக்கு எனக்கு அது இறங்கவில்லை. அந்தக் கதையை அண்ணையிடம் வந்து சொன்னேன். "எங்க போனாலும் உந்தச் சாதியை மட்டும் பெட்டியில கட்டிக்கொண்டு போவினம்" என்று சொல்லி வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அறிவித்தல் கேட்ட கையோடு மகளைக் கார் ஓட்டச் சொல்லி அஜக்ஸுக்குப் போனேன். ரேடியோக்காரர் பிழையாக வாசித்துவிட்டார்கள், அண்ணை ஒரு போன் போட்டால் மத்தியான அறிவித்தலில் திருத்தலாம் என்பதுதான் என் எண்ணம். ஒரு துளிச் சந்தேகமும் அவர்மேல் இருக்கவில்லை.

"பிழையில்லைத் தம்பி. நான்தான் அப்பிடிக் குடுத்தனான்" என்றார் அண்ணை. "இரும். முதல் தேத்தண்ணியைக் குடியும்."

"ஏன் அண்ணை?"

"ஊர் முழுக்கக் கேக்கிற ரேடியோ. உமக்கொரு பெட்டை இருக்கிறாள். நாளைக்கு ஒரு கலியாணப் பேச்சுக்கால் வரேக்க ஆர் எவர் எண்டு விசாரிக்க மாட்டினமே?"

"அப்பா கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பார் தெரியும்தானே?"

"அவர் போயிட்டார் தம்பி. இருக்கிறது நீங்கள். இதென்ன இண்டைக்கு நேற்றுச் சொன்னதே? நீர் வந்த நாளிலயிருந்து உம்மைக் கோவிலடிப் பெடியன் எண்டுதானே எல்லாருக்கும் சொல்லி வைச்சிருக்கிறன். இல்லாட்டி எங்கட கூட்டாளி செற்றுக்குள்ள உம்மை அண்ட விட்டிருப்பினமே?"

நான் நன்றி சொல்வேன் என்று எதிர்பார்த்த முகம் அது.

எங்கள் ஆட்கள் புதிதாக ஒருவரைச் சந்தித்தால் முதலில் சிரிப்பார்கள், பிறகு "ஊரில எவ்விடம்?" என்பார்கள். ஊரைச் சொன்னால் "ஊரில எந்தப் பக்கம்?" என்பார்கள். அது அன்பில் கேட்கிற கேள்வி அல்ல, அளவெடுக்கிற கேள்வி. பிறந்தநாள் விழாக்களில் யாராவது என்னிடம் அதை ஆரம்பிக்கும்போதெல்லாம் அண்ணை எங்கிருந்தோ வந்து தோளில் கைபோட்டு, "இவர் எங்கட பக்கம்தான்" என்று சொல்லி என்னைச் சாப்பாட்டு மேசைக்குக் கூட்டிப்போவார். பாசத்தில் சொல்கிறார் என்று எனக்கு உச்சி குளிர்ந்திருக்கும். இத்தனை வருடமும் அந்த வீடுகளில் எனக்குக் கிடைத்த சிரிப்பு, என் மனைவியின் கறிக்குக் கிடைத்த புகழ், மகளுக்கு வைத்த முத்தம், எதுவும் எங்களுக்கு வந்ததல்ல. கோவிலடியில் பிறந்த யாரோ ஒருவனுக்கு வந்ததை நாங்கள் வாங்கி வைத்திருந்தோம்.

"மாத்திச் சொல்லுங்கோ அண்ணை" என்றேன்.

"மாத்தினா ஏன் மாத்தினதெண்டு கேப்பினம். பேசாமல் இரும். எல்லாம் உம்மட நன்மைக்குத்தான்."

தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பி வந்தேன். உள்ளே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மகள், காருக்குள் வந்ததும் கேட்டாள். "அப்பா, அவர் எங்களைப் பற்றிப் பொய் சொன்னவரா? டு எவ்ரிவன்?"

"ஓம்."

"தாத்தாவைப் பற்றியுமா?"

அதற்குத்தான் எனக்கு அழுகை வந்தது. அப்பா செத்ததற்கு அதுவரை நான் அழவில்லை.

அப்பாவின் உடலைப் பார்வைக்கு வைத்த நாள் ஃபியூனரல் ஹோம் நிறைந்துவிட்டது. அண்ணையின் செற் முழுவதும் கறுப்பும் வெள்ளையுமாக வந்திருந்தது. இரங்கல் உரைகளை நடத்துவதற்கு மைக்கோடு முன்னால் நின்றவரும் அண்ணைதான். எங்கள் வீட்டு விசேஷம் எதற்கும் அவர்தானே நிற்பார். "கோவிலடி மண் ஈன்ற நல்ல மனிதர்" என்று தொடங்கினார். சவப்பெட்டிக்குள் அப்பாவின் கோணல் கை வேட்டிக் கரையின்மேல் கிடந்தது. என்னால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. நடந்துபோய் மைக்குக்குக் கையை நீட்டினேன். மகன் பேசப்போகிறான் என்று அவரும் தந்துவிட்டார்.

எங்கள் குறிச்சியின் பெயரைச் சொன்னேன். அப்பா அங்கேதான் பிறந்தவர் என்றேன். கோவிலடிக்கு அவர் தேத்தண்ணி குடிக்கப்போன கதையையும், இந்தக் கை எப்படி இப்படி ஆனது என்பதையும் சொன்னேன். வானொலியில் வந்தது பொய், எங்களைக் கேளாமல் சொன்ன பொய் என்றேன். அவ்வளவுதான் பேசினேன். யாரும் எழுந்து போகவில்லை, எங்கள் ஆட்கள் நாகரிகம் தெரிந்தவர்கள். சிலர் செருமினார்கள். பலருக்கு அந்த நேரம் பார்த்துப் போனில் அவசரமாக ஏதோ வந்திருந்தது. அண்ணை சுவரோடு நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று எங்களுக்குள் முறைவைத்துச் சாப்பாடு கொண்டுவந்து தருவது வழக்கம். சாப்பாடு வருவது நிற்கவில்லை. ஆனால் கொண்டுவந்தவர்கள் மேலே ஏறிவரவில்லை. கீழே லொபியில் நின்று போன் எடுத்தார்கள், பார்க்கிங் இல்லையாம். எங்கள் கட்டடத்தின் விசிட்டர் பார்க்கிங் அந்தக் கிழமைபோல் வெறுமையாகக் கிடந்து நான் கண்டதில்லை. நான் இறங்கிப்போய் அலுமினியத் தட்டுகளை வாங்கி வருவேன். மகள் அவற்றைத் திறக்கவே மாட்டேன் என்றாள்.

ஒருவர் மட்டும் மேலே வந்தார். செற்றில் வயதில் மூத்த அன்ரி. வந்து இருந்து, தண்ணீரும் வாங்கிக் குடித்தார். எனக்கு நெஞ்சு இளகியது. பிறகு அவர் மெதுவாகக் கேட்டார்.

"ஏன் தம்பி மைக்கில உதெல்லாம் சொன்னனீர்?"

"உண்மையைத்தானே சொன்னனான் அன்ரி. உங்கள் எல்லாருக்கும் தெரியாமல் இருந்தது."

"ஆர் சொன்னது தெரியாதெண்டு? நீங்கள் வந்த கொஞ்ச நாளிலேயே எங்களுக்குத் தெரியும். உங்கட ஊராக்கள் எத்தினை பேர் இஞ்ச இருக்கினம். அவர் கோவிலடி எண்டார், நாங்களும் ஓமெண்டு விட்டிட்டம். எவ்வளவு பெருந்தன்மையா நடந்தனாங்கள். நீர் அதைக் கெடுத்துப் போட்டீர்."

மனைவி குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் மகளைப்போல ஒரு பிள்ளை கிடையாது என்று அந்தச் செற்றில் எல்லோரும் சொல்வார்கள். எல்லா வீட்டிலும் பெடியன்மார் இருந்தார்கள். ஒருவர்கூட அவளை ஒரு பேச்சுக்கும் பெண் கேட்டதில்லை. ஏன், ஏன் என்று மனைவி எத்தனை தரம் என்னைக் கேட்டிருப்பாள். அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை, அன்ரி குடித்த கிளாஸை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவி வைத்தாள். இத்தனை காலம் நடந்த நாடகத்தில் எல்லோருக்கும் அவரவர் பாகம் தெரிந்திருந்தது. எங்களுக்கு மட்டும்தான் அது நாடகம் என்று தெரியாது.

அண்ணையிடமிருந்து ஒரு போனும் வரவில்லை. எனக்கு அவர்மேல் வெறுப்பு என்று சொன்னால் பொய். ஆத்திரம் இருந்தது, நன்றாக இருந்தது. ஆனால் சனிக்கிழமை வந்தால் காது அவர் அழுத்தும் லொபி பஸர் சத்தத்தைத் தேடியது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ஆட்களைக் கூப்பிடும்போது மனைவி வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அவரையும் கூப்பிட்டேன்.

"அண்ணை, ஞாயிற்றுக்கிழமை அந்தியேட்டி. வாங்கோ" என்றேன். மன்னிப்பையும் கேட்கவில்லை, விளக்கத்தையும் கேட்கவில்லை.

அண்ணை சொன்னார். "எனக்கு உம்மில ஒரு வித்தியாசமும் இல்லைத் தம்பி. உம்மட வீட்டில எத்தினை நாள் சாப்பிட்டனான், அப்பாவை முதுகில தூக்கினனான். உமக்குத் தெரியும்."

"தெரியும் அண்ணை. அதுதான் வாங்கோ எண்டுறன்."

"இனி எப்பிடித் தம்பி? முந்தி எண்டால் ஒண்டுமில்லை. இப்ப நீர் சபையில வைச்சுச் சொல்லிப் போட்டீர். இனி அங்க வந்து கை நனைச்சால், தெரிஞ்சுகொண்டு சாப்பிட்டவன் எண்டெல்லே ஆகும்."

"அப்ப இவ்வளவு காலமும் தெரியாமலோ சாப்பிட்டனீங்கள் அண்ணை?"

அவர் போனை வைக்கவில்லை. மறுபக்கத்தில் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நான்தான் வைத்தேன்.