டைம் கீப்பர் ராஜாங்கத்தின் குதிகால்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ராஜாங்கம் "போவாது" என்று சொல்லிவிட்டால் அந்த பஸ் போகாதுதான். கலெக்டரே நேரில் வந்து போகும் என்று சொன்னாலும் ஜனங்கள் ராஜாங்கத்தின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் மூட்டையைத் தூக்குவார்கள். தனியார் பஸ்களுக்கு அவர் டைம் கீப்பர். கழுத்தில் விசில், கையில் நோட்டு, அக்குளில் குடை. எந்த வண்டியை எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும், எந்த வண்டி ரிப்பேர், எந்த டிரைவர் மச்சினி கல்யாணத்துக்கு லீவு போட்டிருக்கிறான் எல்லாம் அவர் மண்டைக்குள் இருந்தது. இருபத்தாறு வருஷத்தில் அவர் பேச்சை நம்பி ஒருத்தரும் ஏமாந்ததில்லை. அப்படிப்பட்ட மனுஷர் தன் வாயாலேயே தன் பேரைக் கெடுத்துக்கொண்டார். கெட்டது அவருக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

காலை ஐந்து முதல் மத்தியானம் இரண்டு வரை அவர் டைம் கீப்பர். சாயங்காலம் அரைக்கால் சட்டையை மாட்டிக்கொண்டால் பூப்பந்து ஆட்டக்காரர். சந்தைக்குப் பின்னால் இருந்த களத்தில் தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டு, ஐந்து பேர் இந்தப் பக்கம், ஐந்து பேர் அந்தப் பக்கம் நிற்பார்கள். ராஜாங்கத்தின் இடம் முன்னால், வலையை ஒட்டி. மஞ்சள் பந்து வேகமாக வரும். அவர் மட்டையை லேசாகக் காட்டுவார். பந்து வலைக்கு அந்தப் பக்கம் சொத்தென்று விழும். முப்பது வருஷமாக இந்த ஒரு வித்தையை வைத்தே தென்னார்க்காடு ஜில்லா முழுக்கப் பேர் வாங்கியிருந்தார். வயது ஐம்பத்தொன்று. கேட்டால் நாற்பத்தைந்து என்பார்.

குதிகால் வலி முதலில் காலை நேரத்து விருந்தாளியாகத்தான் வந்தது. படுக்கையை விட்டு எழுந்து முதல் அடி வைத்தால் ஆணி ஏறும். நாலு அடி நடந்தால் போய்விடும். பிறகு அது பஸ் ஸ்டாண்டுக்கும் வந்தது. கடைசியில் களத்துக்கும் வந்தது. எலும்பு வளர்ந்திருக்கிறது என்றார் டாக்டர். ஓய்வு வேண்டும் என்றார். ராஜாங்கத்துக்கு அந்த டாக்டரைப் பிடிக்காமல் போய்விட்டது. ஒரு நாள் லீவு போட்டு, கச்சிராயபாளையம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறிக் கல்வராயன் மலையில் ஒரு வைத்தியரைப் பார்த்துவிட்டு வந்தார். அவர் ஒரு பாட்டில் எண்ணெய் கொடுத்து, ஒரு மண்டலம் ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது என்றார். எண்ணெயை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மலையிலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டார்.

வீட்டில் மனைவி ஜெயம்மாள் தினமும் விடியற்காலையில் செங்கல்லை அடுப்பில் சுட்டு, அதன்மேல் எருக்கிலையைப் பரப்பி வைப்பாள். ராஜாங்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை அதில் வைத்து அழுத்துவார். கான்வாஸ் ஷூவுக்குள் சைக்கிள் சீட்டு ஸ்பாஞ்சைக் கத்தரித்து இரண்டு மடிப்பாக வைத்துக்கொண்டார். வெளியே ஒருத்தருக்கும் மூச்சு விடவில்லை. ஏனென்றால் வரப்பின் மேல் கொக்கு மாதிரி சுபாஷ் காத்துக்கொண்டிருந்தான். தாலுகா ஆபீஸ் கிளார்க், முப்பது வயது, அணியின் ஆறாவது ஆள். பந்தைச் சிதறுதேங்காய் உடைக்கிற மாதிரி அடிப்பான். அவன் தன் இடத்தில் வந்து நிற்பதை நினைத்தாலே ராஜாங்கத்துக்கு வயிறு எரிந்தது.

ஒரு நாள் சுலபமான பந்தை அவர் விட்டுவிட்டபோது அணித் தலைவர் தங்கதுரை கூப்பிட்டுக் கேட்டார். தங்கதுரை பத்திரம் எழுதுபவர். எதையும் வாய்தா இல்லாமல் நேராகக் கேட்பவர்.

"கால்ல எதாச்சும் தொந்தரவா, ராஜாங்கம்?"

"ஒண்ணும் இல்ல. பாத்துக்க" என்று சொல்லி, நின்ற இடத்திலேயே இரண்டு தடவை குதித்துக் காட்டினார். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது சைக்கிளில் ஏற முடியவில்லை. அதைத் தள்ளுகிற சாக்கில் அதன்மேல் சாய்ந்துகொண்டே போய்ச் சேர்ந்தார்.

அது எண்பத்தேழாம் வருஷம். அந்தப் புரட்டாசியில் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது. ரோட்டோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டார்கள். தியாகதுருகத்திலிருந்து ஜனங்கள் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தே வந்தார்கள். துப்பாக்கிச் சூடு, செத்தவர்கள் கணக்கு என்று தினமும் ஒரு சேதி வந்தது. ஜெயம்மாளின் தம்பி கொளஞ்சியப்பன் எலவனாசூர்கோட்டைப் பக்கத்து விவசாயி; அவனும் ரோட்டில் உட்கார்ந்து, அடி வாங்கி, மரம் வெட்டிய கேஸில் கடலூர் ஜெயிலில் கிடந்தான். ஊரில் எல்லாரும் ராஜாங்கத்திடம்தான் வந்து கேட்டார்கள். "அண்ணே, ரோடு தெறந்துட்டாங்களா?" அவர் "போவாது" என்பார். அவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள். அந்த வாரம் அவர் சொன்னது அத்தனையும் உண்மை.

மறியல் முடிந்த நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை உளுந்தூர்பேட்டையில் அரையிறுதி ஆட்டம். அதை எல்லாரையும்விட அதிகமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தவன் வசீம். பின்வரிசை ஆட்டக்காரன், இருபத்து நாலு வயது, மாமாவின் செருப்புக்கடையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். கோயம்புத்தூர்ப் பக்கத்து மில் ஒன்று தன் அணிக்கு ஆள் எடுக்க அந்த ஆட்டத்துக்கு வருவதாக எழுதியிருந்தது. பிடித்துப்போனால் மில்லிலேயே நிரந்தர வேலை. இருபத்தைந்து முடிந்தவர்களை எடுக்கமாட்டார்கள். வசீமுக்குக் கார்த்திகையில் இருபத்தைந்து முடிகிறது. இதெல்லாம் ராஜாங்கத்துக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கடிதத்தை அவன் படித்துக் காட்டியபோது தோளைத் தட்டிக் கொடுத்ததே அவர்தான்.

மறியல் வாரத்தில் ஆட்டம் இல்லாததால் குதிகாலுக்கு ஓய்வு கிடைத்தது. வலி குறைந்த மாதிரி இருந்தது. சரியாகிவிட்டது என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் களத்தில் இறங்கினார். இரண்டாவது ஆட்டத்தில் ஒரு பந்துக்கு எட்டிக் குதித்து இறங்கியபோது பாதத்துக்குள் ஏதோ பிய்ந்தது. சனிக்கிழமை காலையில் குதிகாலைத் தரையில் வைக்கவே முடியவில்லை. ஜெயம்மாள் மூன்று தடவை செங்கல் சுட்டாள்.

அன்று சாயங்காலம் தங்கதுரை வந்து வாசலில் சைக்கிளை நிறுத்தினார். ராஜாங்கம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"நாளைக்கு ஆறு மணி பஸ்ஸு போவுமில்ல?" என்று கேட்டார் தங்கதுரை.

ஒரு வார்த்தை போதும். என்னால் முடியாது, சுபாஷைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றால் முடிந்தது. அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சுபாஷ் தன் இடத்தில் நிற்பதும், ஜெயித்துவிட்டு வந்ததும் ஊர் அவனைத் தூக்கிக்கொண்டு ஆடுவதும் கண்ணில் தெரிந்தன.

"போவாது" என்றார் ராஜாங்கம். "எலவனாசூர்கோட்டை தாண்டி மறுபடியும் மரத்தப் போட்டுட்டாங்களாம். நாளைக்கு வண்டி எடுக்கறதா இல்ல."

தங்கதுரை மறு கேள்வி கேட்கவில்லை. ஆட்டத்தை எப்படியும் தள்ளித்தான் வைப்பார்கள் என்று சொல்லிவிட்டு, மற்றவர்களிடம் சொல்லக் கிளம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு உளுந்தூர்பேட்டை பஸ் சுத்தமாகத் துடைத்து, ஊதுவத்தி கொளுத்தி, தயாராக நின்றது. அதை அனுப்ப வேண்டிய ஆள் ராஜாங்கமே. தினமும் தியாகதுருகம், எலவனாசூர்கோட்டை, உளுந்தூர்பேட்டை என்று அவர் கூவினால் சந்தை வரைக்கும் கேட்கும். அன்று வாயைத் திறக்கவில்லை. விசிலை மட்டும் எலி கீச்சிடுவது மாதிரி ஊதினார். டிரைவர் எட்டிப் பார்த்து, "இன்னாண்ணே, தொண்ட கட்டிக்கிச்சா?" என்று கேட்டான். வண்டி போன பிறகு டைம் கீப்பர் அறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்துக்கொண்டு உட்கார்ந்தார். யாராவது வந்துவிடுவார்களோ என்று இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். அணியில் ஒருத்தரும் பஸ் ஸ்டாண்ட் பக்கம் வரவில்லை. ராஜாங்கம் சொன்ன பிறகு எதற்கு வருவார்கள்?

திங்கட்கிழமை சேதி வந்தது. ஆட்டம் தள்ளிவைக்கப்படவில்லை, வராத அணி தோற்றதாக அறிவித்துவிட்டார்கள். மில்காரர்கள் வேறு ஊர்ப் பையன்கள் இரண்டு பேரை எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அன்று பஸ் ஓடியதாமே என்று யாரோ கேட்டதற்கு, "முதல்ல எடுக்கறதா இல்ல, விடியக்காத்தால திடீர்னுதான் உத்தரவு வந்துச்சு" என்று ராஜாங்கம் இன்னொரு பொய்யை அதன்மேல் அடுக்கினார். அதையும் நம்பினார்கள். நம்பியதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

தங்கதுரை சும்மா இருப்பவரா? ஜில்லா சங்கத்துக்கு ஒரு மனு எழுதினார். "மேற்படி சாலையில் மறியல்காரர்கள் மரங்களை வெட்டிப் போட்டிருந்தபடியால்" என்று பத்திர நடையில் இரண்டு பக்கம் ஓடியது. டைம் கீப்பர் என்ற முறையில் சாட்சிக் கையெழுத்தை ராஜாங்கம் போட வேண்டும் என்று வீட்டுக்கே கொண்டுவந்து படித்துக் காட்டினார். ராஜாங்கம் போட்டார். 'ஜா' கோணலாக விழுந்தது.

தங்கதுரை போனதும் ஜெயம்மாள் உள்ளேயிருந்து வந்தாள்.

"மரம் வெட்டினதுக்குத்தான் எந்தம்பி ஜெயில்ல கெடக்கறான். வெட்டாத மரத்துக்கும் அவன்தான் பொறுப்புங்களா?"

மறுநாள் காலையிலும் அவள் செங்கல் சுட்டு வைத்தாள். எப்போதும் வலி கம்மியா ஜாஸ்தியா என்று கேட்பவள் அன்றிலிருந்து கேட்பதை நிறுத்திவிட்டாள்.

மனு எங்கேயோ போய்ச் சேர்ந்து எங்கேயோ தூங்கியது. கார்த்திகையும் வந்து போனது. ராஜாங்கம் களத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். டியூட்டி ஜாஸ்தி என்று சொல்லிக்கொண்டார். சுபாஷ் அவர் இடத்தில் ஆடினான். பரவாயில்லாமல் ஆடினான் என்றுதான் சொல்ல வேண்டும். வசீமை எதிரே பார்த்தால் ராஜாங்கம் நோட்டைப் பிரித்துக்கொள்வார். அவன் "வணக்கம்ணே" என்று போய்விடுவான். அவன் திட்டியிருந்தால்கூடக் கொஞ்சம் தூங்கியிருப்பார்.

தை மாசத்தில் ஒரு நாள், பத்து மணி வண்டியை அனுப்பிவிட்டு, அவர் ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டுக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தபோது வசீம் வந்தான். காகிதம் சுற்றிய ஒரு ஜோடி ரப்பர் செருப்பை நீட்டினான். தடித்த செருப்பு. குதிகால் படுகிற இடத்தில் வட்டமாகக் குழி வெட்டி, சுற்றிலும் மெத்தென்று ஸ்பாஞ்சு ஒட்டியிருந்தது.

"போட்டுப் பாருங்கண்ணே. நானே வெட்னது. கடைக்கு ஒரு வாத்தியார் வருவாரு, அவருக்கும் இதே வலிதான். இதப் போட்டுக்கினு நல்லா நடக்கறாரு."

ராஜாங்கம் இத்தனை மாசமாகப் பூட்டி வைத்திருந்தது உடைந்துகொண்டு வந்தது.

"வசீமு, அன்னிக்கி ரோடு…"

"தெரியும்ணே" என்றான் அவன். "நான் அன்னிக்கிப் போனேன்."

"எங்க?"

"உளுந்தூர்பேட்டைக்கு. பஸ்ஸு இல்லன்னு தங்கதுரை அண்ணன் சொன்னாரு. எனக்கு மனசு கேக்கல. நாலு மணிக்கே சைக்கிள எடுத்துக்கினு கெளம்பிட்டேன். மரம் கெடந்தா சைக்கிளத் தூக்கிக்கினு தாண்டிக்கலாம்னு நெனச்சேன். வழியில ஒரு மரமும் இல்ல. பழசையெல்லாம் வெட்டி ரோட்டோரத்துல தள்ளி வச்சிருந்தாங்க. எலவனாசூர்கோட்டைக்கு அந்தாண்ட நம்ம ஊரு பஸ்ஸே என்னைத் தாண்டிக்கினு போச்சி."

ராஜாங்கம் கம்பத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மில்லுக்காரரு கேட்டாரு, உங்க டீம் எங்கன்னு. ரோடு அடைப்பு, அதனால வரலன்னேன். இப்பதான உங்க ஊரு பஸ்ஸு வந்து நிக்குதுன்னாரு. எங்க டைம் கீப்பர் சொல்லிட்டாருன்னா அது சரியாத்தான் சார் இருக்கும்னு சொன்னேன். சிரிச்சாரு."

"ஏண்டா அப்பிடிச் சொன்ன? என்னைத் திட்டியிருக்கலாமேடா."

"உங்க கால் எனக்குத் தெரியும்ணே. நீங்க முன்னாடி ஆடறீங்க, நான் பின்னாடி நிக்கறேன். ரெண்டு வருஷமா உங்க குதிகாலத்தான பாத்துக்கினு நிக்கறேன். நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

ராஜாங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னிக்கே போயி தங்கதுரைகிட்ட சொல்லிடறேன். எல்லாரையும் வச்சிக்கினே சொல்லிடறேன்."

வசீம் தலையை ஆட்டினான். "வேணாம்ணே. வூட்டுல கேட்டாங்க, மாமா கேட்டாரு, டீம்ல கேட்டாங்க. எல்லார்கிட்டயும் பாதி வழி போனேன், மரம் கெடந்துச்சி, திரும்பி வந்துட்டேன்னுதான் சொல்லி வச்சிருக்கேன். இப்ப நீங்க போயி சொன்னா நானும் பொய்க்காரனாயிடுவேன்."

கடையில் ஆள் இல்லை என்று சொல்லிவிட்டு அவன் ரோட்டைத் தாண்டிப் போனான்.

ராஜாங்கம் செருப்பைக் கீழே வைத்து, பழசைக் கழற்றிவிட்டு, அதில் காலை நுழைத்து நின்றார். குதிகால் எதன்மேலும் படவில்லை. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக வலி இல்லை. கொஞ்சமாவது வலித்திருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.